சின்னம் இருக்கட்டும், அணைக்கிற ஸ்விட்ச் எங்கே?

#1 கருந்திரை

குறிப்பெடுக்கும் மென்பொருள் ஒன்றை வெகுகாலமாக வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், இங்கே பலரிடமும் அது இருக்கும். அண்மைய அப்டேட்டுக்குப் பிறகு அதில் ஓர் ஆந்தை குடிவந்துவிட்டது. காலியான ஃபோல்டரைத் திறந்தால் நடுத்திரையில் இறக்கையை ஆட்டுகிறது. தேடலில் ஒன்றும் அகப்படாவிட்டால் உதட்டைப் பிதுக்குகிறது. ஆந்தைக்கு ஏது உதடு என்று கேட்காதீர்கள், வரைந்திருக்கிறார்கள்.

ஆந்தையோடு நின்றிருந்தால் பொறுத்துப்போயிருப்பேன். செட்டிங்கில் 'நிறங்கள்' என்றிருந்த பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்த வரி, பொத்தான், ஸ்க்ரோல்பார் எல்லாமே இப்போது ஆந்தையின் அலகு நிறம், ஆரஞ்சு. அந்தப் பட்டையின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்து. கேட்டு எழுதினேன். தங்கள் அடையாளத்தை எல்லாத் திரைகளிலும் ஒரே சீராக வைக்கிறார்களாம்.

ஐகானும் 'அறிமுகம்' பெட்டியும் அவர்களுடையவை. நான் வேலை பார்க்கிற பரப்பு என்னுடையது. என் எண்ணம் இவ்வளவுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

#2 பழைய_பென்குவின்

மாஸ்காட் (செல்லச் சின்னம்) மேல் கோபப்படாதீர்கள் தம்பி. 1996இல் லாரி யூயிங் கிம்ப் என்ற பட மென்பொருளில் வரைந்த டக்ஸ் பென்குவின் இல்லாவிட்டால் லினக்ஸ் என்ற இயங்குதளப் பெயருக்கு ஒரு முகமே இருந்திருக்காது. கணினி பூட் ஆகும்போது கருப்புத் திரையின் மேல் விளிம்பில் பென்குவின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அது வெறும் அலங்காரமல்ல. ஒரு பிராசஸர் கோருக்கு ஒரு பென்குவின். எத்தனை கோர் விழித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காதவர்கள் கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) தொடக்கக் கட்டளை வரியில் 'லோகோ.நோலோகோ' என்று சேர்த்தால் அத்தனையும் போய்விடும். 2009இல் 2.6.29 பதிப்பில் மட்டும் டக்ஸுக்கு விடுப்புக் கொடுத்து, அழிந்துவரும் டாஸ்மேனியன் டெவிலை அங்கே உட்காரவைத்தார்கள். கெர்னல் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கிம்ப்பின் மாஸ்காட் வில்பர் இன்னும் மேல். டூல்பாக்ஸின் உச்சியில் இரண்டு கண்கள் முழித்துக்கொண்டிருக்கும். ஒரு படக் கோப்பை இழுத்து அந்தக் கண்கள் மேல் போடுங்கள், படம் திறந்துகொள்ளும். இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால் பிரிஃபரன்ஸில் டூல்பாக்ஸ் பக்கத்தில் லோகோவைக் காட்டலாமா என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம். வேலையும் செய்கிறது, போ என்றால் போகிறது. உங்கள் ஆந்தையிடம் இந்த இரண்டும் இல்லை, அதுதான் சிக்கல்.

#3 மஞ்சள்_கோப்பு

கிளிப்பியை யாரும் சொல்லலையா இன்னும்?

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 97ல உதவி சொல்றேன்னு வந்த பேப்பர் கிளிப் பொம்மை. நாய், பூனை, மந்திரவாதின்னு வேற முகமெல்லாம் கூடக் குடுத்தாங்க. எந்த முகம் வேணும்னு கேட்டாங்களே தவிர, எந்த முகமும் வேணாம்னு சொல்ல நேரான வழி வைக்கல. அந்தப் பொம்மைங்க இருக்குற 'ஆக்டர்ஸ்' ஃபோல்டருக்கு வேற பேரு வச்சு ஏமாத்துனாத்தான் ஒழியும். 2001ல ஆஃபீஸ் எக்ஸ்பியில தானா வராத மாதிரி வச்சாங்க. கிளிப்பிக்கு வேலை போயிடுச்சுன்னு மைக்ரோசாஃப்டே கேலி பண்ணி விளம்பரம் போட்டுச்சு. 2007ல ஆளே இல்ல.

#4 நிரலி_வளர்மதி

நான் எதிர்த்தரப்பு. ஒரு சின்ன செயலி எழுதிப் பராமரிக்கிறேன், அதனால புகார் வந்து விழுற பக்கத்திலிருந்து சொல்றேன்.

ஒருத்தர் எழுதுறார்: 'உங்க செயலியில சேமி பொத்தானே இல்லை.' ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கிப் பார்த்தா பொத்தான் இருக்கு. அவர் போட்டிருக்கிற தீம்ல (தோற்றத் தொகுப்புல) பின்னணியும் எழுத்தும் ஒரே சாம்பல். இன்னொருத்தருக்கு என் 'ஏற்றுமதி' ஐகான் இருக்க வேண்டிய இடத்துல குப்பைத்தொட்டி. அவர் போட்ட ஐகான் தொகுப்புல அந்தப் பேருக்கு அந்தப் படம். அமுக்க பயந்துட்டு இருந்தாராம். இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேரும் தீமே மாத்தல. அவங்க நிறுவின டிஸ்ட்ரோவே (லினக்ஸ் தொகுப்பே) அப்படி மாத்தி அனுப்பியிருக்கு.

2019 மே மாசம் க்னோம்ங்கிற லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குச் செயலி எழுதுறவங்க பலர் சேர்ந்து, எங்க செயலிகளுக்கு தீம் போடாதீங்கன்னு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்களே, அது திமிருன்னு நிறைய பேர் திட்டினாங்க. அதைப் படிச்சா தெரியும். வீட்டுல உக்காந்து நோண்டுறவங்களை அவங்க ஒண்ணும் சொல்லல. சோதிச்சுப் பாக்காம லட்சக்கணக்கான பேருக்கு மாத்தி அனுப்புற டிஸ்ட்ரோக்களைத்தான் கேட்டாங்க.

எல்லாத்தையும் 'பிராண்டிங்'னு ஒரே மூட்டையில கட்டாதீங்க. பாதி நேரம் அது பராமரிப்புச் சுமை.

#5 கருந்திரை

> பாதி நேரம் அது பராமரிப்புச் சுமை.

மீதிப் பாதி நேரத்தைப் பற்றித்தான் என் இழையே, வளர்மதி.

டிஸ்ட்ரோவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நடந்தது என்ன? டிஸ்ட்ரோ மேல் கோபம், அடி விழுந்தது தனி ஆள் மேல். 2022இல் க்னோமின் லிப்அத்வைதா என்ற நிரல்தொகுப்பு புழக்கத்துக்கு வந்ததும், அதைப் பயன்படுத்தும் செயலிகள் கணினியில் போட்ட ஜிடிகே (க்னோம் செயலிகளின் திரையை அமைக்கும் கருவித்தொகுப்பு) தீமைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜிடிகே.சிஎஸ்எஸ் என்று சொந்தமாக ஒரு கோப்பு எழுதிக் கான்ஃபிக் ஃபோல்டரில் போட்டால் இன்றும் வேலை செய்கிறது, உண்மை. அதை எத்தனை பேர் எழுதுவார்கள்? ஒரு நீலத்தைப் பச்சையாக்கும் வசதி செட்டிங்கில் வர க்னோம் 47 வரை, 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் ஆந்தை மென்பொருள் அதையும் செய்யவில்லை. தீம் உடைகிறது என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொன்னது 'அடையாளம்'.

#6 ஒளிவிழி

இங்கே எல்லோரும் அழகைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறீர்கள். எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. நான் நிறத்தை மாற்றுவது அழகுக்கு அல்ல, படிப்பதற்கு.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் அளவு. வலைப்பக்க நிறப் பட்டியலில் 'ஆரஞ்சு' என்ற பெயரிலேயே உள்ள நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தை வைத்துக் கணக்கிட்டால் 2க்கு 1கூட முழுதாக வராது. தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. கருந்திரை மெல்லிய எழுத்து என்று அலுத்துக்கொள்கிறார். எனக்கு அந்த வரி வெறும் ஆரஞ்சுக் கோடு.

அசையும் சின்னங்கள் இன்னொரு தொல்லை. திரையைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு மூலைதான் எனக்குத் தெரியும். அந்த மூலையில் ஏதாவது ஆடினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. 'அசைவைக் குறை' என்று ஒரு செட்டிங் எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. செயலிகள் அதைக் கேட்டு நடந்தால் போதும். தங்கள் செல்லப்பிராணிக்கு மட்டும் விதிவிலக்கு என்று நினைக்கிறார்கள்.

தமிழில் பயன்படுத்துவோருக்கு இன்னொன்றும் உண்டு. வரியின் உயரத்தைப் பிக்சல் கணக்கில் பூட்டி வைத்தால், 'கீ', 'ணி' போன்ற எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்படும். ஆங்கில எழுத்தை வைத்து மட்டும் சோதித்த வடிவமைப்பில் இது அடிக்கடி நிகழ்கிறது. எழுத்துருவையும் அளவையும் மாற்ற விட்டால் நாங்களே சரிசெய்துகொள்வோம். அதையும் 'அடையாளம்' என்று பூட்டினால் மெனுவில் பாதி எழுத்தைப் படித்து மீதியை ஊகிக்க வேண்டியதுதான்.

#7 நிரலி_வளர்மதி

ஒளிவிழி, வரி உயரம் விஷயம் எனக்கு உறைக்குது. என் செயலியில பக்கப்பட்டியின் உயரம் பிக்சல்லதான் இருக்கு. பார்க்கிறேன்.

#8 வினாம்ப்_காலத்தவன்

பிராண்டா, பயனர் விருப்பமான்னு ரெண்டையும் எதிரெதிரா நிறுத்துறதே தப்புன்னு சொல்ல வந்தேன். வினாம்ப் பாட்டு பிளேயர் ஞாபகம் இருக்கா? 1997ல வந்தது. லாமா விலங்கை வச்சு ஒரு குரல் கத்துமே, அதுதான் அடையாளம். அதே மென்பொருள்தான் உலகத்துலேயே அதிகமா உருமாத்தப்பட்ட பிளேயர்னு தோணுது.

அதோட தோற்றத்தை மாத்துற ஸ்கின்னுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? ஒரு ஜிப் கோப்பு, அவ்வளவுதான், எக்ஸ்டென்ஷனை மட்டும் மாத்தி வச்சது. உள்ள கொஞ்சம் பிஎம்பி படங்க. மெயின் விண்டோ 275க்கு 116 பிக்சல். பிளே, பாஸ், ஸ்டாப் பொத்தானெல்லாம் ஒரே படத்துல வரிசையா இருக்கும், மேல் வரிசை சும்மா இருக்கும்போது, கீழ் வரிசை அமுக்கும்போது. பெயின்ட்ல திறந்து நிறத்தை மாத்தி சேமிச்சா உங்க ஸ்கின் ரெடி. நிரல் தெரியாத பள்ளிக்கூடப் பையன் செஞ்சான். பல்லாயிரக்கணக்குல செஞ்சாங்க, அதையெல்லாம் தேடிப் பாக்க இப்ப இணையத்துல ஒரு அருங்காட்சியகமே இருக்கு. இத்தனை முகம் மாத்தியும் அதை வினாம்ப் இல்லன்னு யாராவது சொன்னாங்களா?

எதிர்ப்பக்கம் பாருங்க. மேக் ஓஎஸ் 8.5க்கு (1998) கூடுதல் தீமெல்லாம் செஞ்சு முடிச்சு வெளியீட்டுக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. அந்தப் பசிக்கு வெளியாளுங்க செஞ்ச கலைடாஸ்கோப்ங்கிற தீம் மென்பொருள்தான் தீனி போட்டது. அப்புறம் மேக்கோட புதுத் தோற்றம் அக்வா வந்தப்ப, அதே மாதிரி தோற்றத்துல தீம் போட்ட தளங்களுக்கு ஆப்பிள்கிட்டேர்ந்து வக்கீல் கடிதம் போச்சு. விண்டோஸ் எக்ஸ்பியில நீலம், ஆலிவ், வெள்ளின்னு மூணு நிறம். மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லாத தீமை அது ஏத்துக்காது. மக்கள் என்ன பண்ணாங்க? தீமைச் சரிபாக்கிற யூஎக்ஸ்தீம்.டிஎல்எல் கோப்பையே ஒட்டுப்போட்டு மாத்தினாங்க. கணினியோட உள்ளுறுப்பைத் தெரியாத தளத்துலேர்ந்து இறக்கி மாத்துறது எவ்வளவு ஆபத்து! கதவைப் பூட்டினா ஜன்னல் வழியா ஏறுவான், நிக்க மாட்டான்.

#9 மஞ்சள்_கோப்பு

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ங்கிற அடிப்பதிப்பை விட்டுட்டீங்களே அண்ணா. வால்பேப்பரே மாத்த முடியாது! 2009ல காசு குடுத்து வாங்குன நெட்புக்ல (சின்ன லேப்டாப்ல) அவங்க லோகோவைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கணும். மாத்தணும்னா மேல்பதிப்பு வாங்கு.

#10 டெபியன்_தாசன்

இதன் சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் திறந்தது, யாரும் மாற்றலாம். பெயரும் நரிச் சின்னமும் அப்படியல்ல, அவை அதை உருவாக்கும் மோசில்லாவின் வணிகக்குறி. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ தன் விருப்பப்படி திருத்தங்கள் சேர்த்துக்கொண்டிருந்தது. சின்னத்தின் உரிமமோ டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளுக்குள் அடங்கவில்லை. சின்னம் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள மோசில்லா விடவில்லை, திருத்தங்களையும் தங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கச் சொன்னது. 2006இல் டெபியன் பெயரையே மாற்றி ஐஸ்வீசல் என்று வெளியிட்டது. இருதரப்பும் சமரசமாகி ஃபயர்ஃபாக்ஸ் திரும்ப 2016 ஆனது.

பத்தாண்டுச் சண்டை என்று சிரிப்பார்கள். எனக்கு அது மிக நாகரிகமான தீர்வாகப் படுகிறது. மோசில்லாவின் மூலநிரலிலேயே பிராண்டிங் என்று தனி ஃபோல்டர் உண்டு. அதற்குள் அதிகாரபூர்வமானது ஒன்று, அதிகாரபூர்வமற்றது ஒன்று. தொகுக்கும்போது ஒரு தெரிவை மாற்றினால் நரி போய்விடும், உலாவி அப்படியே இருக்கும். முகத்தையும் உடலையும் பிரித்து வைத்தார்கள். கருந்திரையின் ஆந்தைக்காரர்கள் பொத்தானுக்குள்ளும் ஸ்க்ரோல்பாருக்குள்ளும் ஆந்தையை ஊற்றிவிட்டார்கள். பிரித்தெடுக்க ஃபோல்டர் இல்லை.

இதே பிரிப்பு பிஎஸ்டி இயங்குதளங்களின் உலகிலும் உண்டு. கையில் முட்கோலோடு நிற்கும் அவற்றின் மாஸ்காட்டான குட்டிச் சாத்தானின் பதிப்புரிமை மார்ஷல் கிர்க் மெக்கூசிக்கிடம் இருக்கிறது. அவற்றில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டி 2005இல் போட்டி வைத்துத் தனி லோகோவைத் தேர்ந்தது. சாத்தானை விரட்டவில்லை, மாஸ்காட்டாக அவர் தொடர்கிறார். பூட் திரையில் எது வர வேண்டும் என்பது லோடர்.கான்ஃப் கோப்பில் ஒரே வரி: சாத்தான், உருண்டை, அல்லது ஒன்றுமில்லை.

#11 நிரலி_வளர்மதி

எல்லாரும் ஒரே பக்கமா சாயுறீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். 2024 மார்ச்ல கேடிஇங்கிற லினக்ஸ் டெஸ்க்டாப்போட ஸ்டோர்லேர்ந்து ஒருத்தர் ஒரு குளோபல் தீம் போட்டார். போட்டதும் அவரோட ஹோம் ஃபோல்டர்ல இருந்த கோப்பெல்லாம் போயிடுச்சு. தீமுக்குள்ள இருந்த ஸ்கிரிப்ட்ல அழிக்கிற கட்டளை. கெட்ட எண்ணமில்ல, கவனக்குறைவு. கேடிஇ எச்சரிக்கை வெளியிட வேண்டியதாச்சு. 'என் திரை, என் உரிமை'ன்னு சொல்லும்போது இந்த விலையையும் சேர்த்துச் சொல்லணும்.

#12 பழைய_பென்குவின்

அது நிறத்தால் வந்த வினையா, நிரலால் வந்த வினையா? குளோபல் தீம் என்ற பெயரில் ஸ்கிரிப்ட்டை இயக்க விட்டது தப்பு. அதே கேடிஇயில் நிறத்திட்டம் என்று தனியாக இருக்கிறது. அது வெறும் எழுத்துக் கோப்பு, சாதாரண எடிட்டரில் திறக்கலாம். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று எண்கள். எண்ணால் எந்த ஃபோல்டரையும் அழிக்க முடியாது. வினாம்ப் ஸ்கின்னும் படங்கள்தான். நிறம், எழுத்துரு, அளவு இவற்றை முழுசாகத் திறந்துவிடுங்கள், நிரல் ஓட்டுவதற்கு மட்டும் காவல் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் 57 (2017 நவம்பர்) பழைய முழு தீம்களை நிறுத்தியபோது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்ற பின்வாசல் இன்றும் இருக்கிறது. 69ஆம் பதிப்பிலிருந்து அது தானாக இயங்காது, உள் அமைப்புகளில் ஒரு வரியை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். உலாவி திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று எல்லோருக்காகவும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்.

#13 மஞ்சள்_கோப்பு

விஎல்சி வீடியோ பிளேயரோட கூம்புச் சின்னத்துக்கு டிசம்பர் கடைசியில கிறிஸ்துமஸ் தொப்பி போட்டு விடுவாங்களே, அது எந்தக் கணக்குல வரும்?

#14 டெபியன்_தாசன்

விஎல்சி பிழைத்தது. முழு அமைப்புகளில் க்யூட்டி (செயலியின் திரையை அமைக்கும் கருவித்தொகுப்பு) இடைமுகப் பகுதிக்குப் போனால், ஐகான் தானாக மாறலாமா என்று ஒரு பெட்டி, பின்னணியில் கூம்பைக் காட்டலாமா என்று இன்னொரு பெட்டி. இரண்டையும் எடுத்துவிட்டால் வெறும் கருப்பு.

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் 2019 டிசம்பரில் செட்டிங்ஸ் பற்சக்கரத்துக்கு அதே தொப்பியை மாட்டியது. மதச் சின்னம் என் வேலைக் கருவியில் எதற்கு என்று ஒருவர் புகார் எழுத, தொப்பியை எடுத்துப் பனித்துகள் வைத்தார்கள். உடனே தொப்பி ஆதரவாளர்கள் படையெடுத்து வந்து புகார்ப் பலகையைக் கொஞ்ச நேரம் பூட்டவே வேண்டியதாயிற்று. எந்தப் படம் வைத்தாலும் ஒருவருக்கு ஆகாது. முதலிலேயே அணைக்கும் பெட்டி வைப்பதுதான் மலிவு.

#15 வினாம்ப்_காலத்தவன்

கருந்திரை, உங்க ஆந்தைச் செயலி க்யூட்டில எழுதினதா, வலைப்பக்க நுட்பத்துல ஓடுற எலக்ட்ரானா? க்யூட்டின்னா கட்டளை வரியில 'ஸ்டைல்ஷீட்' தெரிவு குடுத்து உங்க சொந்தக் கோப்பைக் காட்டலாம். க்யூட்டி விட்ஜெட் செயலிகள் பொதுவா அதை ஏத்துக்கும். செயலி எழுதினவர் உள்ளேயே தன் ஸ்டைலைத் திணிச்சிருந்தா மட்டும் எடுபடாது. ஃபிளாட்பேக்கா (கணினியிலேர்ந்து பிரிச்சு ஓடுற தொகுப்பா) நிறுவியிருந்தா உங்க ஹோம் ஃபோல்டரை அது பாக்கிறதுக்கும் அனுமதி குடுக்கணும்.

#16 கருந்திரை

க்யூட்டிதான். முயன்று பார்த்தேன். தேர்ந்தெடுத்த வரி இப்போது கரும்பச்சை, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஸ்க்ரோல்பார் அசையவில்லை, ஆரஞ்சாகவே நிற்கிறது. அதை உள்ளே திணித்திருக்கிறார்கள் போல. ஆந்தையும் அங்கேயேதான் இருக்கிறது, அது படம் என்பதால் ஸ்டைல்ஷீட் தொடவில்லை.

வளர்மதி, நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். இவர்களுக்குப் புகார் எழுதினால் எப்படி எழுதினால் காது கொடுப்பார்கள்? முதலில் எழுதியது வாழ்த்து அட்டை மாதிரி ஒரு பதிலோடு முடிந்துவிட்டது.

#17 நிரலி_வளர்மதி

'ஆந்தை பிடிக்கல'ன்னு எழுதாதீங்க, அதுக்குத்தான் வாழ்த்து அட்டை வரும். மூணு தனிப் புகாரா உடைச்சு எழுதுங்க. ஒண்ணு, ஆரஞ்சு மேல் வெள்ளை, ஒளிர்வு வேறுபாட்டு எண்ணோட, ஸ்கிரீன்ஷாட்டோட. இது அணுகல்தன்மைப் பிழை, சும்மா மூட முடியாது. ரெண்டு, இயங்குதளத்துல 'அசைவைக் குறை' போட்டும் ஆந்தை ஆடுது. இதுவும் பிழைதான், விருப்பம் இல்ல. மூணாவதா, சிஸ்டத்தோட நிறத்தட்டைப் பின்பற்ற ஒரு தெரிவு கேளுங்க. புதுசா நிறப் பக்கம் வேணும்னு கேட்டா பராமரிக்க ஆள் இல்லம்பாங்க. க்யூட்டி ஏற்கெனவே செய்யற வேலையை மறிக்காதீங்கன்னு கேட்டா அவங்களுக்கு நிரல் குறையத்தான் செய்யும். நிரல் திறந்ததா இருந்தா சுட்டி குடுங்க, மூணாவதுக்கு நானே நிரல் திருத்தம் எழுதி அனுப்பறேன்.

என் செயலியிலயும் ஒரு அணில் இருக்கு. முதல் தடவை திறக்கும்போதும் 'அறிமுகம்' பெட்டியிலயும் மட்டும் வரும்.

#18 ஒளிவிழி

முதல் தடவை திறக்கும்போதுதான் நான் எழுத்தளவையே இன்னும் மாற்றியிருக்க மாட்டேன். அந்தத் திரையில் அணிலுக்குப் பதில் எழுத்தளவு, நிறம் இரண்டையும் கேட்டால் என்ன?

#19 நிரலி_வளர்மதி

கேட்கலாம். அணிலை ஓரமா தள்ளிட்டு ரெண்டையும் அங்கேயே வைக்க முடியுதான்னு பார்க்கிறேன். வரி உயரத்துக்கும் சேர்த்துப் புகார் திறந்துட்டேன், 'கீ', 'ணி' வெட்டுப்படுற ஸ்கிரீன்ஷாட் இருந்தா அதுல போடுங்க. என் கணினியில அந்த எழுத்துரு இல்ல, நீங்க எதை வச்சிருக்கீங்கன்னும் எழுதுங்க.